எல்லைக்குள் இருப்பவை மட்டும்

வாசகரே, ஒரு வரைபடத்தின் முன் உங்களைச் சாட்சியாக நிறுத்துகிறேன். வலங்கைமானுக்கு அப்பால் நல்லாம்பேட்டை என்றொரு பேரூராட்சி. அதன் எல்லைக்கோடு நேற்றுவரை குளத்தங்கரையோடு நின்றது. இன்று ஒரு புதிய கோடு அங்கிருந்து புறப்பட்டு, பாசன வாய்க்காலின் கரையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை மாட்டுவண்டி போகும் அகலத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, கீழ்வாய்க்கரை கிராமத்தின் காலனித் தெருவுக்குள் நுழைகிறது. இருபுறமும் அறுபத்திரண்டு வீடுகள். ஒரு வீட்டின் வாசற்படியிலும் அது படவில்லை. தீட்டுக்கு அஞ்சுகிறவரைப் போல நட்டநடுவே நடந்துபோய், தெருவுக்குப் பின்னாலுள்ள நான்கு ஏக்கர் திடலை மட்டும் வளைத்துக்கொள்கிறது. திடல் நகரம், வீடுகள் கிராமம். நகரத்துக் குப்பையை நகர எல்லைக்குள்தான் கொட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். உத்தரவை மீறத் தெரியாத உத்தமர்கள் வரைந்த கோடு இது. அந்தத் திடலின் ஓரத்தில்தான் தெருவின் ஒரே குடிநீர்க் கைப்பம்பு நிற்கிறது.

அத்தெருவில் நாகம்மாளின் மகள் மதிவதனி, தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தின் முதல் முதுகலைப் பட்டதாரி. அமெரிக்காவில் ஊர் மாறிக் குடியேறுகிறவர்களுக்கென நடக்கும் ஓர் இணையதளத்துக்கு, அந்நாட்டுப் பெருநகரங்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவது அவள் தொழில். எழுத்துக்குக் கீழே பெயர் போடமாட்டார்கள். தொழிலின் விதி ஒன்றே: நகர எல்லைக்குள் இருப்பவை மட்டுமே கணக்கு. சான் பிரான்சிஸ்கோவின் விமான நிலையம் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. ஆகவே ஒப்பீட்டு அட்டவணையின் விமான நிலையக் கட்டத்தில் அந்நகருக்குச் சுழி. நியூயார்க்குக்குக் கடற்கரையே எல்லைக்குள் உண்டு; ஆகவே முழு மதிப்பெண்.

"ஏன்டி, அந்த ஊர்ல கடல் இருக்குதா இல்லையான்னு அங்க இருக்கவனுக்குத் தெரியாதா? நீ இங்கேருந்து சொல்லணுமாக்கும்?" என்பாள் நாகம்மாள்.

"அவங்க ஊரு எதுவரைக்கும்னே அவங்களுக்குத் தெரியாதும்மா."

"நம்ம ஊரு ஆளுங்க எவ்வளவோ தேவல. நாம எதுவரைக்கும் வரலாம்னு சரியாத் தெரிஞ்சி வச்சிருக்காங்க."

அக்டோபர் இரண்டாம் தேதி, இன்னும் வரைவாகவே இருந்த அந்தக் கோட்டைப் பற்றிப் பேச, பள்ளிக்கூடக் கூடத்தில் கீழ்வாய்க்கரைக் கிராமசபை கூடியது. பேரூராட்சி அனுப்பிய ஆலோசகர் நெடுஞ்செழியன் திரையில் படம் காட்டினார்.

"லாஸ் ஏஞ்சல்ஸைப் பாருங்கம்மா. துறைமுகம் எங்கேயோ தள்ளி இருந்துச்சு. நடுவுல நாடா மாதிரி ஒரு துண்டு நிலத்தைச் சேத்தாங்க, துறைமுகம் ஊருக்குள்ள வந்துடுச்சு. சிகாகோ ஏர்போர்ட்டும் அதே கதைதான். உலகமே இப்படித்தான் வளருது."

படத்தின் கீழிருந்த ஆங்கில வரியை அவரே தமிழில் சொன்னார்: "தேவையானதை எட்டிப் பிடிக்க, ஒரு நகரத்துக்கு ஒரு சாலையின் அகலம் போதும்."

மதிவதனி திரையிலிருந்த வரியை இன்னொரு முறை படித்தாள். அது அவள் வரி. ஆடி மாதத்தில் எழுதியது. எழுதிவிட்டு இரண்டு நாள் அதை எண்ணி எண்ணி மகிழ்ந்திருந்தாள்.

நாகம்மாள் எழுந்தாள். "அந்தத் துண்டு எங்க தெரு நடுவுல வருதே, அப்ப நாங்க டவுனுங்களா?"

"இல்லம்மா, நீங்க கிராமம்தான்."

"டவுன் குழாத்தண்ணி எங்களுக்கு வருமா?"

"அது டவுன் எல்லைக்குள்ள இருக்கவங்களுக்கும்மா."

"குப்ப?"

"அது எல்லைக்குள்ளதான் விழும். பயப்படாதீங்க."

"நாத்தத்துக்கும் ஒரு எல்லக்கல்லு நட்டுக் குடுத்துடுங்க சார், தாண்டாம இருக்கும்" என்றாள் பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுச் செந்தாமரை.

கூடம் சிரித்தது. ஆலோசகரும் சிரித்தார், நாகரிகமானவர். "உங்களை டவுனோட சேத்தா நூறு நாள் வேலை போயிடும்மா. உங்க நல்லதுக்குத்தான் வெளியில விட்டிருக்கோம்."

நூற்றாண்டுகளாக இவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் அனைவரும் இவர்கள் நல்லதுக்கே நிறுத்தினார்கள். நன்றி சொல்லத்தான் இந்த மக்களுக்குத் தெரியவில்லை.

"சார், அந்த வரிய எழுதினது நான்" என்றாள் மதிவதனி.

நெடுஞ்செழியன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்களா? வெரிகுட். அப்ப நீங்களே ஆதரிச்சுத்தானே எழுதியிருக்கீங்க?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சிகாகோவுக்கும் அவள் மதிப்பெண்ணை வாரி வழங்கியிருந்தாள்.

"ஆமா சார். துண்டுக்கு ரெண்டு பக்கமும் யார் இருக்காங்கன்னு நான் கேக்கல, தப்புதான். ஆனா அவங்க கப்பலுக்கும் விமானத்துக்கும் கை நீட்டினாங்க. நீங்க கொட்டுறதுக்கு நீட்டுறீங்க. அந்தப் பம்புத் தண்ணியத்தான் நாங்க குடிக்கிறோம்."

"கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்மா" என்றார் ஊராட்சிச் செயலர் ராம்கி. "கையெழுத்துப் போடாதவங்க போட்டுட்டுப் போங்க. வருகைக்குத்தான்."

ஐம்பத்தெட்டுப் பேர் நுழையும்போதே போட்டிருந்தார்கள். கூட்டம் செல்லுபடியாக நூறு கையெழுத்து வேண்டும். நாகம்மாள் பேனாவை வாங்கினாள். ஏட்டை மகளிடம் தள்ளினாள். "கடைசிவரைக்கும் பொரட்டி, சத்தமாப் படிடி."

பெயர்ப் பட்டியலுக்கு அடுத்த தாளில், அழகான கையெழுத்தில், முன்கூட்டியே எழுதியிருந்தது. மதிவதனி படித்தாள்: "தீர்மானம் ஏழு. திடலைப் பேரூராட்சி எல்லையில் சேர்க்க ஊர்மக்கள் ஏகமனதாக ஒப்புதல் அளித்தனர்."

"நேரம் மிச்சமாகட்டும்னு முன்னாடியே எழுதி வைக்கிறதுதாங்க" என்றார் ராம்கி.

"நாங்களும் மிச்சம் பண்ணிக்கிறோம் தம்பி" என்று பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு நாகம்மாள் வெளியேறினாள். பின்னாலேயே செந்தாமரை, அவள் பின்னால் கையெழுத்துப் போடாத பெண்கள் அத்தனை பேரும். போதிய வருகையின்றிக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த வாரம் மதிவதனி தன் ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு கட்டம் கூட்டி அனுப்பினாள்: "எல்லையை ஒட்டி வாழ்பவர்கள்." இணையதள ஆசிரியரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: எல்லைக்கு வெளியே உள்ளது, தேவையில்லை. அவள் மறுபடியும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள்.

உள்ளாட்சி தினமான நவம்பர் முதல் தேதி கீழ்வாய்க்கரையில் சபை மீண்டும் கூடுகிறது. தீர்மானம் ஏழு கிழிக்கப்படவில்லை. அது இன்னும் நாற்பத்திரண்டு பெயர்களுக்காகப் பொறுமையோடு காத்திருக்கிறது. நகரத்தாரே, உங்கள் குப்பை வண்டியின் பின்னால் ஒருநாள் நடந்துபோய், அது யார் வீட்டுத் தண்ணீருக்கு அருகே நிற்கிறதென்று பாருங்கள். கிராமத்தாரே, உங்கள் ஊரிலும் அன்று சபை உண்டு. போங்கள். ஏட்டைக் கேட்டு வாங்குங்கள். கடைசித் தாள்வரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடியும்வரை ஒருவரும் கையெழுத்திடாதீர்கள்.