கையை வைக்காதே

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பல் முளைக்கும் முன்பே ஊட்டிவிடும் பாடம் ஒன்று உண்டு: சரக்கைக் காட்டு, சூட்சுமத்தைக் காட்டாதே. டெஸ்டரின் அப்பா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து நாற்பது வருஷம் இதைச் சொல்லியே காலத்தை ஓட்டினார். மகன் கடைக்கு வராமல் மின்சார வேலை கற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் செருகியிருந்த டெஸ்டரே அவருக்குப் பெயராகிவிட்டது. வேலை மாறினாலும் ரத்தம் மாறுமா? ஆஸ்பத்திரி வேலையையும் அவர் கடை போலத்தான் நடத்தினார்.

அந்த ஆஸ்பத்திரியின் முன்வாசலிலிருந்து அவசரப் பிரிவுக்குப் போகும் பாதை ஒரே ஏற்றம். நல்ல உடம்புக்காரனுக்கே மூச்சு வாங்கும். நடக்க முடியாதவர்களுக்காக ஒரு பேட்டரி வண்டி வாங்கிப் போட்டிருந்தார்கள். அது முன்பு கோல்ஃப் மைதானத்தில் ஓடியது. பந்தைத் தாங்களே அடித்துவிட்டு அதன் பின்னால் நடக்கச் சோம்பல்படும் பெரிய மனிதர்களைச் சுமந்து ஓய்ந்தபின், நிஜமாகவே நடக்க முடியாதவர்களைச் சுமக்க வந்து சேர்ந்தது. அதை ஓட்டுகிறவர் டெஸ்டரின் தங்கை புருஷன்.

வண்டியின் சீட்டைத் தூக்கினால் ஆறு பேட்டரிகள். பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் வண்டி ஓடும். மறுபக்கம் தள்ளினால் கயிறு கட்டி இழுத்துப் போகலாம். அந்தப் பக்கம் இருக்கும்போது சாவியை எத்தனை முறை திருகினாலும் ஒரு விளக்குகூட எரியாது. எந்தப் பக்கம் எதற்கு என்று வெள்ளை எழுத்தில் போட்டிருந்தது. வண்டி வந்த வாரமே டெஸ்டர் உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்து எடுத்துவிட்டார்.

கழுவுகிறவர்கள் துணி விட்டுத் துடைக்கும்போது சுவிட்ச் மாறிக்கொள்ளும். வண்டி நின்றுவிடும். டெஸ்டருக்கு ஆள் போகும். வருவார். எல்லோரையும் நாலடி தள்ளி நிற்கச் சொல்வார். மீட்டரை வைத்து ஒவ்வொரு பேட்டரியாகத் தொடுவார், உதட்டைப் பிதுக்குவார், வயரை முகர்ந்து பார்ப்பார். அரைமணி நேரம் கழித்து, முதுகால் மறைத்துக்கொண்டு சுவிட்சில் ஒரு தட்டு. வண்டி கிளம்பிவிடும். டெஸ்டர் கைபட்டால் பிணமும் எழுந்து ஓடும் என்று வார்டு ஆட்கள் வியந்தார்கள். ஓட்டுநர் மட்டும், அது என்னவென்று தனக்கும் சொல்லித் தரக்கூடாதா என்று நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தார். டெஸ்டரிடம் எப்போதும் ஒரே பதில்.

"கையை வைக்காதே மாப்பிள்ளை. ஏதாவது ஆச்சுன்னா தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

நேற்று மதியம் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். பேட்டரியைத் தொடும் முன் சுவிட்சை இழுவைப் பக்கம் தள்ளிவிட வேண்டும்; டெஸ்டர் தள்ளினார். ஆறாவது பேட்டரியை மூடும்போது, ஆபரேஷன் தியேட்டர் ஜெனரேட்டர் மக்கர் பண்ணுகிறது என்று போன் வந்தது. சீட்டைச் சாத்திவிட்டு ஓடினார்.

நாலு மணிக்கு முன்வாசலில் ஒரு பெண்மணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட வந்தது மகள் ஒருத்திதான். மகளும் ஓட்டுநருமாக அந்த அம்மாளை வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டுநர் சாவியைத் திருகினார். ஒரு விளக்கும் எரியவில்லை. டெஸ்டருக்குப் போன் போட்டார். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே டெஸ்டர் வாயில் வந்தது பழக்கப்பட்ட அதே வாக்கியம்தான்: கையை வைக்காதே, நான் வர்றேன். ஓட்டுநர் அந்த அம்மாளைக் கைகளில் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடந்தார். மேலேயிருந்து ஸ்ட்ரெச்சர் வருவதற்குள், பாதி வழியில் கால் மடங்கிப் பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த டாக்டர் அவர் மடியில் கிடந்த அம்மாளின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் ஓடவில்லை. டெஸ்டர் வந்தபோது மேனேஜர் வண்டிச் சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை பத்து மணிக்கு வண்டிக் கொட்டகையில் விசாரணை. மேனேஜர் கையில் ஒரு படிவம். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஓட்டுநர்தான் சார்ஜ் போடாமல் விட்டிருப்பான் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஓட்டுநரும் முதல் நாள் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் மச்சான்," என்றார். "ப்ளக்கைச் சொருகினேன்னுதான் நினைக்கிறேன். ஆனா சொருகின கை ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

டெஸ்டரும் இரவெல்லாம் அதையேதான் வேண்டிக்கொண்டு கிடந்தார். பேட்டரியாக இருக்கட்டும், மாப்பிள்ளை மறந்திருக்கட்டும் என்று. சீட்டைத் தூக்கினார். சுவிட்ச் அவர் விட்டுப்போன பக்கத்திலேயே இருந்தது. மீட்டரை வைத்தார். ஐம்பத்தொரு வோல்ட். வயிறு முட்டச் சாப்பிட்ட பேட்டரி.

மேனேஜருக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது. என்ன கோளாறு என்று கேட்டார். டெஸ்டரின் நாக்கு மனசைக் கேட்காமல் பேரத்தில் இறங்கியது: மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு போய்விட்டது, பழைய சாமான், யார்மேலும் தப்பில்லை. இரண்டு பக்கமும் கட்டுப்படியாகிற விலைதான். ஆனால் மேனேஜர் அவருக்கு மேல் வியாபாரி. அப்படியானால் அதைக் கழற்றிக் கொடுங்கள், சீல் வைத்து வெளியே சோதனைக்கு அனுப்ப வேண்டும், செத்தவர் மகள் விடுவதாக இல்லை என்றார். டெஸ்டர் இருமினார். இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு இவ்வளவு சுத்தணும்? சார்ஜ் இல்லைன்னு ஒரு வரி எழுதுங்க. டிரைவரே ஒத்துக்கறாரு. இன்னிக்கே முடிஞ்சிடும்."

"எழுதுங்க மச்சான்," என்றார் ஓட்டுநர். "என் வேலைதானே போகும், போகட்டும். அந்தம்மா மடியில கிடந்து என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான்தான் கொன்னேன்."

இவ்வளவு மலிவாக ஒரு சரக்கு டெஸ்டருக்கு வாழ்நாளில் படிந்ததில்லை. மூட்டையைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, விலையும் கேட்காமல் ஒருவன் நிற்கிறான். படிவத்தை வாங்கினார். பேனாவைத் திறந்து, 'சார்ஜ்' என்பதில் 'சார்' வரை எழுதினார். அப்போது ஓட்டுநர் இன்னொன்றும் சொன்னார்.

"எனக்கு அடுத்து வர்றவனுக்காவது எல்லாத்தையும் சரியா சொல்லிக் குடுங்க மச்சான். எனக்கு மண்டையில ஏறலை."

பேனா நின்றது. ஓட்டுநருக்கு டெஸ்டர் எதையும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. ஏறாத மண்டை என்று அந்த ஆள் தன்னையே நம்பிக்கொண்டிருக்கிறார்.

டெஸ்டர் படிவத்தைக் கீழே வைத்தார். "இங்க வா மாப்பிள்ளை. விரலைக் குடு." ஓட்டுநரின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சுவிட்சின்மேல் வைத்தார். "தள்ளு."

டக் என்றது. மேனேஜரிடம் சாவியை வாங்கித் திருகினார். சார்ஜ் அளவைக் காட்டும் பத்து விளக்குகளும் பச்சையாக எரிந்தன. சார்ஜ் முழுசாக இருந்தது.

ஓட்டுநர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நேத்து போன்ல இதைச் சொல்லியிருந்தா..."

டெஸ்டர் மேனேஜர் பக்கம் திரும்பி, தண்ணீர் ஊற்றியது, ஜெனரேட்டர், போனில் சொன்னது, உப்புத்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை ஓட்டுநர் அந்தச் சுவிட்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

முன்வாசலிலிருந்து போன் வந்தது. கால் உடைந்த ஒருவர் காத்திருக்கிறாராம். ஓட்டுநர் சீட்டைச் சாத்தி ஏறி உட்கார்ந்தார். டெஸ்டர் வண்டிக்கு எதிரே, நகர மறந்து நின்றார்.

"வழி விடுங்க சார்," என்றார் ஓட்டுநர்.

ஏழு வருஷமாக மச்சான் என்று கூப்பிட்ட வாய். டெஸ்டர் விலகினார். வண்டி சத்தமில்லாமல் சரிவில் இறங்கிப் போயிற்று.

மேனேஜர் படிவத்தை எடுத்துத் தூசி தட்டி நீட்டினார். நீங்கள் சொன்னதற்கு இந்தக் கட்டம் போதாது, பின்பக்கம் எழுதுங்கள் என்றார். டெஸ்டர் தாளைத் திருப்பினார்.