கம்பியைச் சுற்றிய மண்

புயல் ஓய்ந்த மறுநாள் அப்பாசாமி மாட்டை ஓட்டிக்கொண்டு கரும்புக்காட்டின் வழியே வந்தபோது, முன்னால் போன மாடு சட்டென்று விழுந்தது. கத்தவில்லை. நான்கு கால்களும் விறைத்து நீண்டன. அதற்கு அப்பால், சாய்ந்த கம்பத்திலிருந்து இறங்கிய கம்பி ஈர மண்ணில் கிடந்தது.

பாதையில் நின்ற அவன் மனைவி ருக்மணி காட்டுக்குள் இறங்கப் போனாள். ஆலையில் மின்வேலை பார்க்கும் தெனி அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"பா பூஜே, தொந்தொன்! அசையாதீங்க, மாமா!" என்று அப்பாசாமியைப் பார்த்துக் கத்தினான்.

"ஊர்லே வெளக்கே எரியலே. செத்த கம்பிடா அது," என்றான் அப்பாசாமி. "காலு மட்டும் கூசுது."

ஊர்க் கம்பிகள் செத்துத்தான் கிடந்தன. இது ஆலையின் கம்பி. தண்ணீர் இறைக்க ஆலை தன் சொந்த மின் உற்பத்தி இயந்திரத்தைக் காலையிலேயே ஓட்டத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல, தெனியோடு வந்த லுசியான் ஆலைக்கு ஓடியிருந்தான். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன.

தெனி சொன்னான். கம்பி தொடும் இடத்திலிருந்து மின்சாரம் மண்ணில் நாலா பக்கமும் பரவுகிறது. கிட்டே பலம், தள்ளத் தள்ளக் குறைவு. ஒரு கால் பலத்திலும் ஒரு கால் குறைவிலும் இருந்தால், அந்த வித்தியாசம் உடம்பு வழியாகப் போகும். மாட்டின் கால்களுக்கு நடுவே தூரம் அதிகம்.

"ரெண்டு காலையும் சேர்த்து வைங்க!"

அப்பாசாமி சேர்த்து வைத்தான். முகம் தெளிந்தது.

"கூச்சம் நின்னுபோச்சு. லுசியான் நிறுத்திட்டான் போலிருக்கு!"

"இல்லே, தொந்தொன்! காலு சேந்திருக்கு, அதான்! லுசியான் பாலங்கூடத் தாண்டியிருக்க மாட்டான்!"

"நீ சும்மா இருடா. வருஷா வருஷம் தீயிலே நடக்கிறவன் நான். நாலே எட்டு, பாதைக்கு வந்துருவேன்."

ருக்மணி கூப்பிட வாயெடுத்தாள். ஒவ்வொரு வருஷமும் கோயிலில் தீக்குழியின் ஓரத்தில் நின்று அவள்தான் கத்துவாள்: நிக்காதீங்க, எட்டி வைங்க. அந்தக் குரலை நம்பித்தான் அவன் இறங்குவான். இப்போது அதே குரலில் எதைச் சொல்வது?

"என்னாங்க... நில்லுங்க."

"என்னாடி, புதுசா?" என்று சிரித்தான்.

"லெஸ் மோ அலே! விடு என்னை!" என்று அவள் தெனியிடம் திமிறினாள். அவன் விடவில்லை.

ஆலைப் பக்கமிருந்து இயந்திரத்தின் சத்தம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பாசாமி வேட்டியை மடித்துக் கட்டினான். சேற்றிலிருந்து வலது குதிகால் எழுந்தது. அது விட்ட குழியில் மெல்லத் தண்ணீர் ஊறியது.