விசிறிக்குப் பக்கத்துத் தட்டுகள்

என் அக்காவுக்கு இரண்டே எதிரிகள். ஒன்று, எரிந்த மலையைக் கண்டதும் உழுது கன்று நடத் துடிக்கிறவர்கள். இன்னொன்று, அத்தானின் கொழுப்பு. உடம்பில் இருக்கிற கொழுப்பைச் சொல்கிறேன்; வாயில் இருக்கிறதை அவள் எப்போதோ கைகழுவிவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் உதட்டைப் பிதுக்கிய நாளிலிருந்து வீட்டுக்குள் இறைச்சி நுழையவில்லை. அவித்த காய்கறியை அத்தான் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். எனக்கு அங்கேதான் இடித்தது. உப்புக் கொஞ்சம் குறைந்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர் அவர்.

நாங்கள் மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அக்கா மண் ஆராய்ச்சியாளர். மண் சலித்துத் தட்டுகளில் நிரப்பித் தண்ணீர் தெளிப்பது நான். பசுமைக்குடிலின் குழாய், விளக்கு, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற பெரிய விசிறி எல்லாம் அத்தான் பொறுப்பு.

போன கோடையில் எதிரே இருக்கிற மலை எரிந்தது. மேலே சாம்பல், அதற்குக் கீழே வெந்து இறுகிய மண். தண்ணீர் ஊற்றினால் குடிக்காது, முத்து முத்தாக உருண்டோடும். அதைப் பார்த்துவிட்டுத்தான், மலையை என்ன செய்வது என்று முடிவெடுக்க அமைத்த குழுவின் தலைவர் மலை செத்துவிட்டது என்று முடிவுகட்டினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கன்றுக்காரர். வரிசையாகக் கன்று நிற்காத நிலத்தைப் பார்த்தால் யாரோ தன்னைத் திட்டியதுபோல முகம் சுளிப்பார். மலை முழுக்க உழுது, ஒரே சாதி மரக்கன்றை நட்டுவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

"மண்ணுக்குள்ள விதை தூங்குது. புகை பட்டாத்தான் அதுக்கு முழிப்பு வரும். இப்பதான் முழிச்சிருக்கு, அதுக்குள்ள உழுது புரட்டிப் போட்டா எல்லாம் அடியில போய் செத்துரும்" என்பாள் அக்கா. சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்காக இதைத் தவிர வேறு பேச்சில்லை. அத்தானுக்குக்கூட மனப்பாடம்.

குழு கண்ணால் பார்க்கட்டும் என்று குடிலின் ஒரு பக்கம் எரிந்த மலையின் மண்ணைத் தட்டுகளில் வைத்தாள். மறுபக்கம், விசிறியிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும், தீயே படாத பக்கத்து மலையின் மண். ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். "மாத்தறது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்" என்பது அவள் தாரக மந்திரம். எரிந்த மண் முளைக்க வேண்டும், எரியாத மண் தூங்க வேண்டும். அவ்வளவுதான் சாட்சி.

எரிந்த மண் சொன்னபடி கேட்டது. சாம்பலைக் கீறிக்கொண்டு சிவந்த தண்டோடு சின்னச் சின்ன முளைகள் வந்தன. அக்கா தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். குழு வருவதற்கு முந்தின நாள் எரியாத மண்ணிலும் அதே முளை தலைகாட்டியது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டுகளை எடுத்து ஒளித்துவிடலாமா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கன்றுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டு தட்டாக நடந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே செடிதானேம்மா முளைச்சிருக்கு? அப்ப இது காட்டு விதை இல்ல. உங்க குடில்ல எங்கேயோ இருந்து விழுந்த களை. இதை நம்பி ஒரு மலையைச் சும்மா விடச் சொல்றீங்களா?"

உழவு இயந்திரம் அடுத்த வாரமே வரும் என்று அவர் சொன்னபோது, அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அத்தான் தொண்டையைக் கனைத்தார். ஏணிமேல் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர், இறங்கி வந்தார்.

"கொஞ்சம் நல்லாப் பாருங்க சார். அந்தப் பக்கம் எல்லாத் தட்டுலயும் முளைக்கல. ஃபேன் பக்கத்துல அடர்த்தியா இருக்கு, போகப் போகக் குறையுது, கடைசிச் சுவர்கிட்ட ஒண்ணுமே இல்ல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். உண்மைதான். அக்காவின் புருவம் மேலே ஏறியது.

"ஃபேனுக்கு வெளிய என்ன இருக்கு?" என்றாள்.

அத்தான் தன் செருப்பைப் பார்த்தார். "அடுப்பு."

"என்ன அடுப்பு?"

"கரி அடுப்பு. நீ மலைக்குப் போற நாள்ல... கொஞ்சமா... கறி சுடுவேன். புகை வெளிய தெரியக் கூடாதேன்னு ஃபேன்கிட்ட வச்சேன். அது உள்ள இழுத்துரும்ல."

குழுவிலிருந்த அம்மையார் ஒருவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அத்தான் சும்மா இருந்திருந்தால் அவர் அடுப்பும் சுகமாக இருந்திருக்கும், மலைதான் போயிருக்கும். அன்றைக்கு முதல் முறையாக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அக்கா அவரை முறைத்தாள். பிறகு தட்டுகளைப் பார்த்தாள். மறுபடி அவரை முறைத்தாள். கோபப்படுவதா கும்பிடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"தீயே படாத மண்ணு சார்" என்றாள் கன்றுக்காரரிடம். "வெறும் புகைக்கே முழிச்சிருக்கு. களையா இருந்தா கடைசிச் சுவர்கிட்டயும் முளைச்சிருக்கணுமே."

அவர் கடைசிச் சுவர்வரை நடந்துபோய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "புதுத் தட்டு வச்சு, எங்க முன்னாடி ஆரம்பிங்க. அதுவரைக்கும் மலையைத் தொடல" என்றார்.

புதுத் தட்டுகள் வைத்தோம். ஒரு வரிசைக்குப் புகை, ஒரு வரிசைக்கு வெறும் காற்று. அடுப்பு மூட்ட அத்தானைத்தான் நியமித்தாள் அக்கா, அடுப்பின் கம்பிமேல் கறி எதுவும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் விசிறிக்கொண்டே யோசித்தார்.

"ஒரு சந்தேகம். முன்னாடி முளைச்சது கறி வெந்த புகையில. இப்ப வெறும் கரிப் புகை. முளைக்க வச்சது கரியா, கறியான்னு குழு கேட்டா என்ன சொல்லுவ?"

அக்காவின் மந்திரத்தாலேயே மனிதர் அவளைக் கட்டிப் போட்டுவிட்டார்.

"சரி. இன்னொரு வரிசைக்குக் கறிப் புகை" என்றாள். அத்தான் முகம் மலர்ந்தது. "ஆனா சாப்பிடறது சோதனையில சேராது. அதை இவ பாத்துக்குவா."

இவள் என்றால் நான். அத்தான் விசிற, வாசனை பிடிக்க, நான் சாப்பிட்டேன். விஞ்ஞானத்துக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

கறிப் புகைக்கும் வெறும் புகைக்கும் வித்தியாசமில்லை. இரண்டு வரிசையும் முளைத்தன. வெறும் காற்று வரிசை தூங்கியது. கன்றுக்காரர் நீண்ட நேரம் குனிந்து பார்த்துவிட்டு, உழவு இயந்திரம் வேண்டாம் என்று அங்கேயே சொன்னார். மழைக்குப் பிறகு மலையில் அதே சிவந்த தண்டுகள் கூட்டமாக எழும்பின. அக்கா ஜன்னலில் நின்று பார்த்து அழுதாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், அத்தானின் அவித்த பீன்ஸுக்குப் பக்கத்தில் சுட்ட இறைச்சித் துண்டு ஒன்று இருந்தது. அவர் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?"

"மாத்தறது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்" என்றாள் அக்கா.