துரைக்கீரையும் பேராசிரியரின் பிரிட்ஜும்

நாகலூருக்கு யானை வந்திருந்தால்கூட அவ்வளவு கூட்டம் கூடியிருக்காது. பௌதிகப் பேராசிரியர் கந்தசாமி ஓய்வு பெற்று, சேலத்திலிருந்து எங்கள் எஸ்டேட் ரோட்டுக்குக் குடிவந்தபோது கூடவே ஒரு பிரிட்ஜையும் கொண்டுவந்தார். அதை லாரியிலிருந்து இறக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். இறக்கிய பிறகு அதைப் பற்றி அவர் பேசிய பேச்சைத் தாங்க எண்பது பேர் போதவில்லை. "சாப்டீங்களா?" என்று கேட்டால், "உள்ளே நாலு டிகிரி" என்பார். நான் அதே எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன். எத்தனையோ வெட்டிப் பெருமை பார்த்திருக்கிறேன். மின்சாரத்தில் ஓடுகிற பெருமையை அன்றுதான் பார்த்தேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஜூன் மாதம். எஸ்டேட் பங்களாவின் பழைய சமையல்காரர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். காப்பி நாற்றங்காலில் வேலை பார்த்த பூவாயிக்குத் தற்காலிகமாக அடுப்படி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து எஸ்டேட் முதலாளி வருகிறார். சாப்பாடு அவருக்குப் பிடித்தால் பூவாயிக்கு வேலை நிரந்தரம், பங்களாவுக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீடும் அவளுக்கு. பிடிக்காவிட்டால் மறுபடியும் நாற்றங்கால், மழைக்கு ஏழு இடத்தில் ஒழுகும் கூலியாட்களின் லைன் வீடு.

முதலாளிக்கு டாக்டர் விதித்திருந்தது சமைக்காத பச்சை இலை. தட்டு நிறைய லெட்யூஸ் வேண்டும். எங்கள் ஆட்கள் அதைத் துரைக்கீரை என்பார்கள். கரடியூர் வேடியப்பன் ஒருவர்தான் அதைப் பயிரிட்டார். காய்கறி ஏற்றச் சேலம் ஜீப் வரும் வியாழக்கிழமை மட்டும்தான் பிடுங்குவார். வியாழன் பிடுங்கிய இலை ஞாயிறு மதியம் வரை வாடாமல் நிற்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

பூவாயி பஸ் ஏறிப் போய்ப் பன்னிரண்டு செடிகளை வேரோடும் மண்ணோடும் கூடையில் கொண்டுவந்தாள். "பேராசிரியர் பிரிட்ஜ்ல குடுத்துரு" என்றார் மேனேஜர் ஜேசுதாஸ். சரி என்றாள். எத்தனை என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பேராசிரியர் வீட்டு வாசலில் நானும் நின்றிருந்தேன். அந்த மாதிரிக் காட்சிகளை நான் தவறவிடுவதில்லை.

"ஏனுங்க ஐயா, நாலு தர்றேனுங்க" என்றாள் பூவாயி.

"நாலா? ஏம்மா, இது பிரிட்ஜ். உங்க ஊட்டு மண்சட்டி இல்ல."

"அதனாலதானுங்க நாலு."

நான் சிரித்த சிரிப்பு ஏற்காடு ஏரிவரை கேட்டிருக்கும். பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "ரைட்டரே, உங்களுக்கு விஞ்ஞானம் தெரியுமா?"

"வெத்தலையை வாடாம வெக்கத் தெரியுமுங்க. பூவாயி, எனக்கும் நாலு குடு. ஈரச் சாக்குல சுத்தி ஒரு மாசம் வெச்சுக் காட்டறேன்."

"நீங்களுமா ரைட்டரய்யா?" என்றாள், கிணற்றை நோக்கி நடக்கிற ஆளைப் பார்ப்பது போல. ஆனாலும் கொடுத்தாள்.

பேராசிரியர், "மண்ணுல கிருமி" என்று வேரை வெட்டி எறிந்தார். குழாயடியில் நான்கு முறை குளிப்பாட்டினார். சொட்டச் சொட்ட பாலிதீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினார். ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே, அறுத்த பலாப்பழத்துக்கும் ஒரு கூடைப் பேரிக்காய்க்கும் நடுவில் திணித்தார். நாலு பல்கலைக்கழகம் சேர்ந்து யோசித்தாலும் ஒரு கீரையை இதைவிட நன்றாகக் கொல்ல முடியாது.

என்னுடையதைக் கேட்காதீர்கள். மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தேன். சனிக்கிழமை காலையில் அது கீரை என்ற நிலையைக் கடந்து குழம்பாகியிருந்தது. ஆட்டுக்கு வைத்தேன். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு தெருவுக்குப் போய்விட்டது.

பூவாயி தன்னுடைய நான்கையும் மண்கட்டி உடையாமல் காப்பி நாற்றுப் பையில் இறக்கி, வெயில் படாத சுவரோரம் வைத்திருந்தாள். அடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

"இலை மேல தெளிக்கலையா?" என்றேன்.

"தெளிச்சா நாத்தே அழுகிப்போயிருமுங்க. காலு நனையோணும், தலை காயோணும்."

ஞாயிறு பதினொரு மணிக்கு அறுத்தாள். சுனைத் தண்ணீரில் ஒரு முக்கு. பிறகு துணியில் மூட்டையாகக் கட்டிச் சுழற்றினாள் பாருங்கள், பக்கத்து லைன்காரர்கள் மழை என்று கொடியிலிருந்து துணியை எடுத்தார்கள்.

அந்த நேரத்தில் ஜேசுதாஸ் பேராசிரியர் வீட்டிலிருந்து பையோடு வந்தார். பாதி இலை உறைந்து கண்ணாடி போலிருந்தது, மீதியில் துருப் பிடித்த மாதிரிப் புள்ளி. எல்லாவற்றிலும் பலாப்பழ வாசனை. பூவாயி வாங்கி உள்ளே வைத்தாள்.

பந்தியில் பேராசிரியரும் விருந்தாளி. பழைய ரைட்டர் என்ற உரிமையில் நான் வராந்தாவில் நின்றேன். முதலாளி பூவாயியின் கீரையைக் நறுக் நறுக்கென்று மென்று தட்டைக் காலி செய்தார்.

"வியாழக்கிழமை பறிச்சதா இது?"

"நாலு டிகிரி சார்" என்றார் பேராசிரியர். "நம்ம பிரிட்ஜ்."

"அப்படியா! ஜேசுதாஸ், நமக்கும் ஒண்ணு வாங்கிரு. சமையலுக்குச் சேலத்துல ஒரு ஹோட்டல் ஆளைப் பாரு. இலையை பிரிட்ஜ் பாத்துக்கும்."

கதவோரம் நின்ற பூவாயி காதில் அது விழுந்தது. உள்ளே போனாள். போனவள் ஒரு தட்டோடு திரும்பி வந்து பேராசிரியர் முன்னால் வைத்தாள்.

"ஐயாவோடதை ஐயாவுக்கே தனியா எடுத்து வெச்சிருந்தேனுங்க. பிரிட்ஜ் கீரை. சாப்புடுங்க."

முதலாளி மூக்கைச் சுளித்தார். "பலாப்பழமா?"

"கீரைதானுங்க."

முதலாளி முள்கரண்டியால் ஓர் இலையைத் தூக்கினார். அது தட்டு வரை வழிந்தது. "அப்ப நான் சாப்பிட்டது?"

"அது மண்ணோட என் ஊட்டுல இருந்ததுங்க மொதலாளி. பிரிட்ஜை அது கண்ணால பாத்ததே இல்லீங்க."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். "ஜேசுதாஸ், ஹோட்டல் ஆள் வேண்டாம். ஓட்டு வீட்டுச் சாவியை இந்தம்மாகிட்டக் குடு."

"பிரிட்ஜுங்க சார்?"

"அதையும் இந்தம்மாவையே கேளு."

பேராசிரியர் தட்டை நகர்த்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் படித்தவர் ஆயிற்றே. "நல்லாத்தான் இருக்கு" என்று ஓர் இலையை வாயில் போட்டார். பிறகு எப்படி நிறுத்துவது? கண்ணில் தண்ணீர் நிற்க, அத்தனையையும் மென்று தீர்த்தார்.

பூவாயி பக்கத்திலேயே பணிவாக நின்றாள். "உங்களோடதுல இன்னும் மூணு செடி இருக்குதுங்க ஐயா. கொண்டாரட்டுங்களா?"