நடுச்சுவர்

மாத்தளையில் எங்கள் வீட்டை இரட்டை வீடு என்பார்கள். தன் ஊரில் உள்ளதுபோலவே வேண்டும் என்று ஒரு வெள்ளைக்கார சர்வேயர் கட்டியது. ஒரே கூரை, ஒரே சிம்னி, நடுவில் ஒரே சுவர். அதன் இருபுறமும் இரண்டு வீடுகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல. எங்கள் மாடிப்படி இடது ஓரம், அடுத்த வீட்டில் வலது ஓரம். கணப்புகள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். இந்த வெக்கையில் யாரும் அவற்றில் நெருப்பு மூட்டியதில்லை. எங்கள் கணப்பில் என் மனைவி மஸீஹா ஊறுகாய்ச் சாடிகளை வைத்திருந்தாள்.

மாமா ஸெய்னுலாப்தீன் அதை வாங்கி, மகள்மாருக்கு ஆளுக்குப் பாதி சீதனமாகக் கொடுத்தார். இந்தப் பக்கம் மஸீஹா. அந்தப் பக்கம் அவளுடைய தங்கை ஜெஸீமா. பின்வளவில் நிற்கும் ஜாதிக்காய் மரம் யாருக்கு என்பதில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

ஏழு மாதக் கர்ப்பத்தில், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு பகலில், மஸீஹா இறந்தாள். ஒரு மணி நேரம் முந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். நான் வந்து பார்த்தபோது பின்னறையில், கணப்பை ஒட்டிய நடுச்சுவரோரம் கிடந்தாள். கையில் அகப்பை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, சுவரில் அகப்பை முனை அளவுக்குச் சிறு குழிகள்.

"எனக்கு ஒண்டும் கேக்கல்ல மச்சான்," என்றாள் ஜெஸீமா. "வெள்ளக்காரன் கட்டின செவரு. இடி விழுந்தாலும் கேக்காது."

அது உண்மையா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், மாமா மேசன் மாரிமுத்துவோடு வந்தார். சீதன வீட்டில் மனைவி இல்லாத மருமகனுக்கு இடமில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"செவருல ஒரு கதவு வெச்சா ரெண்டும் ஒரு வீடாப் போகும். ஜெஸீமாட புள்ளைகளுக்கு எடம் பத்தல்ல. நீங்க படிச்ச ஆள், எங்க ஒடைக்கலாமெண்டு காட்டுங்க மருமகன்."

கணப்பை உடைத்தால் சிம்னி தலையில் விழும். அதன் பக்கத்துச் சுவர்தான் மெல்லியது. குழிகளுக்கு இருபுறமும் கரிக்கோடு போட்டேன்.

"அந்தப் பக்கம் எங்க வருமுன்னு தெரியணுமே மாஸ்டர்," என்றார் மாரிமுத்து. "அலமாரில போய் முட்டுச்சுன்னா அந்தம்மா எங்கிட்டத்தானே சண்டைக்கு வருவாங்க."

அளவு நாடா என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"தட்டிப் பார்ப்போம்," என்றேன்.

மாமா வாசலில் நின்று, சத்தம் வரும் இடத்தைக் குறிக்கும்படி மகளிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் தரையில் உட்கார்ந்து, குழிகளின் மேல் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினேன். மெதுவாகத்தான்.

"கேக்குது, கேக்குது!" சுவருக்குள்ளிருந்து ஜெஸீமாவின் குரல் உடனே வந்தது. "கீழ, தரைக்குக் கிட்ட!"

மாரிமுத்து சிரித்தார். "வெறும் ஒத்தக் கல்லுச் செவரு மாஸ்டர். கட்டின தொர நல்லா ஏமாத்திட்டான்."

மாமா சிரிக்கவில்லை. என் விரலுக்குக் கீழிருந்த குழிகளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை.

"இப்ப கேக்கலையோ?" என்றார் மாரிமுத்து.

"கேக்கும்," என்றேன். "நீங்க ஒடைங்க."