வெட்டி எடுத்த நாற்பத்தெட்டு விநாடிகள்

எங்கள் தெருவில் தினமும் மாலை நான்கு பத்துக்கு நாற்பத்தெட்டு விநாடிகள் எந்தச் சத்தமும் இருப்பதில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக இது நடக்கிறது. குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழும், ஓசை விழாது. நாய் வாயைத் திறந்து திறந்து மூடும். மூலையில் உள்ள தச்சுப் பட்டறையில் ரம்பம் பஞ்சை அறுப்பதுபோல மரத்தை அறுத்துக்கொண்டு போகும். நாற்பத்தொன்பதாவது விநாடியில் எல்லாச் சத்தமும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எதிர் வரிசையில் இருக்கும் பல் மருத்துவர், பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தையே ஒதுக்கித் தருகிறார். வெளியே காத்திருப்பவர்கள் அலறலைக் கேட்டு எழுந்து போய்விடுவதில்லை. நான்கு பத்துக்கு முன்னால் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டவரே சண்டையில் ஜெயித்தவர் என்பது தெருவிலுள்ள தம்பதிகள் எல்லாரும் ஒப்புக்கொண்ட சட்டம். நகராட்சிப் பொறியாளர் ஒருவர் மூன்று நாள் தங்கி, கருவி வைத்து அளந்து பார்த்தார். காரணம் புரியவில்லை என்று எழுதக் கூச்சப்பட்டு, வடிகால் நல்ல நிலையில் உள்ளது என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார். அதன் பிறகு தெருமுனையில் ஒரு பலகை வைத்தார்கள்: ‘மாலை 4.10. ஒலிப்பான் கேட்காது. வாகனங்கள் மெதுவாகச் செல்லவும்.’

காரணம் எங்கள் வீட்டுக்குத் தெரியும். அந்த நாற்பத்தெட்டு விநாடிகள் எங்கள் வீட்டு மேசையில் வைத்து வெட்டப்பட்டவை. வெட்டியவர் இந்த வீட்டின் மூத்தவர். இதை எழுதுவதும் அவர்தான். குடும்ப வரலாற்றில் ‘நான்’ என்று எழுதிக்கொள்வது எங்கள் வழக்கமல்ல. அதனால் மூத்தவர் என்றே எழுதப்படுகிறது.

எங்கள் அப்பா ஜாஸ் இசைக்குழு ஒன்றை முப்பது ஆண்டுகள் நடத்தினார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தூங்கும்போதுகூட அவிழ்க்காத மனிதர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘ஈரப் படிகள்’ என்ற ஒரே ஒரு மெட்டு. வேகமான மெட்டு, கேட்டவர்கள் காலைத் தரையில் வைத்திருக்க முடியாது. இசைக் கல்லூரி வாசலில் அந்த மெட்டின் முதல் வரியைக் கல்லில் செதுக்கி, கீழே அப்பாவின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் எங்களுக்கு எந்த அலுவலகத்திலும் நாற்காலி போட்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் வேறெதையும் விசாரிக்கவில்லை.

மெட்டை எழுதியது அப்பா அல்ல. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. எழுதியவள் எங்கள் கடைக்குட்டித் தங்கை. அப்போது அவளுக்கு வயது பதினாறு. குழுவிலிருந்து கழித்துப்போட்ட, நசுங்கிய ட்ரம்பெட் ஒன்றின் வாய்க்குள் துண்டைத் திணித்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவாள். அப்படி வாசித்த ஒரு மெட்டை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். மெதுவான மெட்டு, மழை நின்ற பிறகு ஒருவர் வழுக்காமல் படியிறங்குவதுபோல இருக்கும். அந்த வாரம் அப்பாவின் குழு வானொலி நிலையத்தில் புதிதாக ஒன்றை வாசிக்க வேண்டியிருந்தது, கையில் புதிதாக எதுவும் இல்லை. அப்பா தாளை எடுத்துப் பார்த்தார். வேகத்தை இரட்டிப்பாக்கினார். “வீட்டுக்குள்ள உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு” என்றார். வீட்டில் நல்ல கையெழுத்து மூத்தவருக்கு. அவர்தான் மெட்டைச் சுத்தமாகப் பிரதியெடுத்து, வலது மூலையில் அப்பாவின் பெயரை எழுதினார். மை காயும்வரை தங்கை கதவருகே நின்று பார்த்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. மூத்தவருக்கு அப்போது இருபத்துநான்கு வயது; விவரம் தெரியாத வயது என்று சொல்ல முடியாது.

மூத்தவருக்கு எந்தக் கருவியும் படியவில்லை. மற்றவர்களைப் பேசவைக்க வந்தது. ஜாஸ் இசைக் கலைஞர்களை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் வாழ்க்கையையும் இசையையும் பற்றி உரையாடி, சனிக்கிழமைதோறும் வானொலியில் ஒலிபரப்பி, பிறகு புத்தகமாக்குவார். மொத்தம் பதினொரு தொகுதிகள். ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு நாடாப் பதிவுக் கருவி. பேச்சு முடியும்வரை தேநீர் கிடையாது. கரண்டிச் சத்தம் பதிவாகிவிடும். மறுநாள் சவர பிளேடும் ஒட்டுநாடாவும் எடுத்துக்கொண்டு உட்காருவார். இருமல், நாற்காலி முனகல், தடுமாற்றம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சுக்கு நடுவே வரும் மௌனம், எதையும் விட்டுவைக்க மாட்டார். ஓட்டையுள்ள சட்டையைத் தைக்காமல் போட்டுக்கொண்டு வெளியே போவோமா என்பது அவர் வாதம். பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒருவர் ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்தார். “ஐயா, நான் யோசிச்ச இடத்தையெல்லாம் தூக்கிட்டீங்க. கேட்ட உடனே பதில் சொல்ற ஆள் மாதிரி இருக்கேன். என் பொண்டாட்டியே நம்ப மாட்டேங்கறா” என்றார். மூத்தவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தங்கை வளர்ந்து, சொந்தமாகக் குழு வைத்து, அப்பாவின் பெயரைச் சொல்லாமலே பெயர் வாங்கினாள். வீட்டு ஆளைப் பேட்டியெடுப்பது முறையில்லை என்று மூத்தவர் பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டார். நேயர்கள் விடவில்லை. ஒரு நாள் அவளும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். துண்டு திணித்த ட்ரம்பெட்டைப் பற்றிச் சொன்னாள். ஆம்பளை மாதிரி ஊதுகிறாய் என்று பாராட்டியவரிடம், “எந்த ஆம்பளைன்னு சொல்லுங்க, மன்னிப்புக் கேட்டுக்கறேன்” என்று பதில் சொன்னதையும் சொன்னாள். பிறகு மூத்தவர், எழுதி வைத்திருந்த கேள்விகளின் வரிசைப்படி கேட்டார்: “அப்பாவோட ஈரப் படிகளை நீ முதல்ல எப்போ கேட்டே?”

தங்கை பதில் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்தபடி இருந்தாள். செருப்புக்குள் அவள் வலது குதிகால் மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாடா சுற்றிக்கொண்டேயிருந்தது. கடைசியில், “சின்ன வயசுல. இந்த வீட்லதான்” என்றாள். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை.

மறுநாள் நான்கு பத்துக்கு மூத்தவர் அந்த மௌனத்தை வெட்டினார். முப்பது அடி நாடா வந்தது. சுருட்டி, அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். கேள்வியும் பதிலும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துகொண்டன. பிளேடைக் கீழே வைத்தபோது மேசைக் கடிகாரத்தின் ஓசை நின்றிருந்தது, முள் மட்டும் நகர்ந்தது. சனிக்கிழமை ஒலிபரப்பானது. அப்பாவைப் பற்றிக் கேட்டதும் மகள் எவ்வளவு சட்டென்று பதில் சொன்னாள் என்று நாற்பது கடிதங்கள் வந்தன. தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். “அண்ணா, நல்லா வெட்டியிருக்கீங்க. தையலே தெரியல” என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை, அந்த மெட்டை வாசிக்கவுமில்லை. மேடையில் யாராவது கேட்டால், “அது எங்க வீட்டு மெட்டு. வீட்ல போய்க் கேளுங்க” என்பாள்.

மௌனம் முதல் மாதம் மேசையோடு இருந்தது. அடுத்த மாதம் அறை முழுவதும். ஆண்டு முடிவதற்குள் வீடு முழுவதும். பிறகு ஆண்டுக்கு இரண்டு வீடுகள் வீதம், வெங்காய விலை ஏறுவதுபோல நிதானமாகத் தெருவில் ஏறியது. மூத்தவர் ஒருமுறை கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெட்டிய நாடாவைப் பழைய இடத்தில் ஒட்டிப்பார்த்தார். அளவு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஓடவிட்டபோது அதில் மௌனம் இல்லை. தெரு இழந்த சத்தமெல்லாம் அதற்குள் இருந்தது: வாளித் தண்ணீர், நாய், ரம்பம், பல் மருத்துவரிடம் வந்தவர்களின் அலறல்கள். அவர் நாடாவை மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடினார். வெளியே சொல்லவில்லை. குடும்ப மானம் பெரிதென்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல அவருக்குச் சாப்பாடு குறைந்தது. கல்லூரி வாசல் வழியே போவதைத் தவிர்க்க நாலு தெரு சுற்றிப் போனார்.

பன்னிரண்டாம் தொகுதிக்காக ஒரு டிரம்ஸ்காரர் வந்தார். முப்பது வயது, நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாதவர், தங்கையின் குழுவில் வாசிப்பவர். பேச்சு நீண்டு நான்கு பத்து ஆகிவிட்டது. மௌனம் வந்தது. அவர் பதறவில்லை, விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. சத்தம் திரும்பியதும் முகம் மலர்ந்தது.

“சார், இது சும்மா அமைதி இல்ல.”

“பின்னே?”

“விநாடிக்கு ஒரு அடி. நாலு அடி சேர்ந்தா ஒரு ‘பார்’. நாலு நாலா எண்ணினா சரியா பன்னிரண்டு ‘பார்’ வருது. கடைசி அடியில சுத்தமா நிக்குது பாருங்க. யாரோ மனசுக்குள்ள ஒரு சுத்து முழுசா வாசிச்சிருக்காங்க. ரொம்ப மெதுவான மெட்டு. யார் சார் அது?”

மூத்தவர் எழுந்து சமையலறைக்குப் போனார். டம்ளரில் தண்ணீர் பிடித்தார். செருப்புக்குள் ஏறி இறங்கிய குதிகால் அவர் கண்ணுக்குள் வந்தது. கேட்ட கேள்விக்குத் தங்கை அன்றே பதில் சொல்லியிருந்தாள். தன் மெட்டைத் தன் வேகத்தில், ஒரு அடி குறையாமல் அண்ணன் எதிரில் வாசித்திருந்தாள். அதைத்தான் ஓட்டை என்று வெட்டியிருந்தார். ஜாஸ் கலைஞர்களிடம் அத்தனை ஆண்டுகள் பேசி, பதினொரு தொகுதிகள் போட்டவருக்கு, வாசிக்காமல் விடுவதும் வாசிப்பில் சேர்த்தி என்பது மண்டையில் ஏறியிருக்கவில்லை.

டிரம்ஸ்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “அக்காவுக்கு முன்பல்லு ரெண்டும் ஆடுது சார். வர்ற வியாழக்கிழமை எடுக்கறாங்க, உங்க எதிர்வீட்டு டாக்டர்தான். கட்டுப்பல் வெச்சுட்டு பழைய மாதிரி ஊத முடியாதாம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. எங்களாலதான் சிரிக்க முடியல.”

மூத்தவருக்கு ஆறு நாட்கள் இருந்தன. ஐந்து நாட்களை மானத்துக்குக் கொடுத்தார். ஆறாம் நாள், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தான் பிரதியெடுத்த பழைய தாளோடு தங்கையின் மாடி அறைக்கு ஏறினார். பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறை. அவள் உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. நின்றபடியே தாளை அவள் மேசையில் விரித்து, அப்பாவின் பெயர்மேல் கோடு போட்டு, பக்கத்தில் அவள் பெயரை எழுதினார்.

“அப்பா பேர் மேலேயே கோடு போட்டுட்டீங்களே. எப்படிக் கை வந்தது?”

“சுலபமா வரல. கோடு கோணலாத்தான் இருக்கு, பாரும்மா.”

அவள் பார்த்தாள். “இத்தனை வருஷம் கழிச்சுப் பேர் எழுதிக் குடுத்தா ஆச்சா? பேரை வெச்சு நான் என்ன பண்ண? அன்னிக்குத் தப்பாக் கேட்டீங்க இல்ல, அந்தக் கேள்வி. அதை ஒழுங்காக் கேளுங்க. நாலு பேர் கேக்கற மாதிரி.”

வியாழக்கிழமை மூத்தவர் மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் வீட்டுக்கு முன்னால் தெருவிலேயே போடச் செய்தார். அவருடைய மகன், வாசலில் தாத்தாவின் பெயர் பொறித்த அந்த இசைக் கல்லூரியில் வேலை பார்ப்பவன், வாசலை மறித்து நின்றான். “தாத்தாவை ஊர் முன்னாடி திருடனாக்கப் போறீங்களாப்பா?” என்றான். “எழுதச் சொன்னது தாத்தா. எழுதினது நான். நகரு” என்றார் மூத்தவர். தச்சர் ரம்பத்தோடு வந்து நின்றார். மாடிகளில் தலைகள் முளைத்தன. தங்கை ட்ரம்பெட் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். நான்கு மணி ஒன்பது நிமிடத்துக்கு மூத்தவர் பதிவுக் கருவியை ஓடவிட்டு, தெருமுனைவரை கேட்கும் குரலில் கேட்டார்: “ஈரப் படிகளை நீ எப்போம்மா எழுதினே?”

அவள் கருவியை உதட்டில் வைத்தாள். நான்கு பத்து ஆனது. தெரு ஊமையானது. அந்த ஊமைத் தெருவில் ட்ரம்பெட் மட்டும் கேட்டது. மௌனம் அவளுடையது, அதனால் அவளைத் தடுக்கவில்லை என்பதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. மழை நின்ற படிகளில் ஒருத்தி தனியே இறங்கி வந்தாள். பன்னிரண்டு ‘பார்’. நடுவில் பல் ஆடி ஒரு சுரம் கொஞ்சம் பிசிறியது. கடைசி அடி நின்ற இடத்தில் நாய் குரைத்தது, ஒலிப்பான்கள் அடித்தன. தங்கை ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, எதிரே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். நேரம் நான்கரை என்பதால் அவள் அலறல் தெரு முழுவதும் கேட்டது. அது சுருதியோடு இருந்தது என்று தச்சர் இன்றும் சாதிக்கிறார்.

பதிவு வெட்டப்படாமல் ஒலிபரப்பானது. பிசிறும் நாயும் உட்பட. கல்லூரி வாசலில் அவள் பெயரைச் செதுக்கிய கல் ஒன்று அப்பாவின் பெயரை மறைத்துப் பதிக்கப்பட்டது. மகன் எட்டு மாதம் பேசவில்லை; இப்போது வேலையாக இருந்தால் மட்டும் பேசுகிறான். அப்பாவின் படம் கூடத்தில் அதே ஆணியில் இருக்கிறது. தினமும் துடைப்பது மூத்தவர்தான். அந்த முகத்தை நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்துகொள்வதும் இரண்டுமே அவருக்குக் குற்றமாகப் படுகின்றன.

மௌனம் போய்விடும் என்று தெருவில் எதிர்பார்த்தார்கள். பல் மருத்துவர் கவலைப்பட்டார். மறுநாள் நான்கு பத்துக்கு அது வழக்கம்போல வந்தது. செய்தி சொன்னபோது தங்கை, “அது இனிமே உங்களுது அண்ணா. நீங்களே வெச்சுக்கோங்க” என்றாள்.

கட்டுப்பல்லைச் சரிபார்க்க வியாழன்தோறும் எதிர்வீட்டுக்கு வருகிறாள். முடிந்ததும் எங்கள் வாசலில் அந்த நாற்காலியில் சற்று உட்காருவாள். இன்னும் படி ஏறவில்லை. அதிகம் பேசுவதுமில்லை. போன மாதம் தெருமுனைப் பலகையில் எழுத்து உரிந்துபோய், நகராட்சி ஆள் வந்து புதிதாக எழுதினார். நேரத்தில் மாற்றம் உண்டா என்று கேட்டார், இல்லை என்று சொன்னோம். நான்கு பத்துக்கு அவளுடைய குதிகால் செருப்புக்குள் ஏறி இறங்கும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பத்தெட்டுவரை நான் எண்ணுகிறேன்.