ஒரு குண்டில் ஆறு குண்டு

பேருந்து ஓட்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போனதென்று, அவளையும் இழுத்துக்கொண்டு உடற்பயிற்சிக் கருவி விற்கும் கடைக்குப் போனான் அவள் கணவன். கெட்டில்பெல் வாங்க வேண்டுமாம். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, அவ்வளவுதான்.

கடையில் மூன்று வகை இருந்தன. ஒன்று, ஒரே வார்ப்பாக, கறுப்பாக, லட்சணமில்லாமல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்தது. கைப்பிடியின் அடியில் இருந்த மடிப்பு உள்ளங்கையை அறுத்தது. மூன்றாவதில் தட்டுகளை மாட்டிப் பூட்டினால் எடை கூடும், கழற்றினால் குறையும்.

"இதப் பாரு. ஒண்ணு வாங்கினா ஆறு வாங்கின மாதிரி."

அவள் அதைத் தூக்கி லேசாக ஆட்டினாள். உள்ளே 'லொடக்' என்றது.

"என்னங்க, ஏதோ ஆடுது. அந்தக் கறுப்பையே எடுத்துக்கலாமே."

"தூக்கி இறக்க இது போதும் சார். வீசிப் பண்றதுன்னா கறுப்புதான் நல்லது," என்றாள் விற்கிற பெண்ணும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவன். தட்டுக் குண்டுதான் வீட்டுக்கு வந்தது.

வீடு மூன்றாம் மாடி. புழுக்கத்துக்குப் பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி நின்று வீசுவான். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு லொடக். சமையலறையில் நின்றாலும் அவளுக்குக் கேட்கும்.

"அந்தப் பூட்டை ஒரு தடவை பாருங்களேன்."

"சும்மா தொணதொணக்காத. வண்டி ஓட்டுறவனுக்கு இரும்பைப் பத்திச் சொல்லிக் குடுக்கறியா?"

நாளாக ஆக லொடக் பெரிதானது. அவன் தட்டையும் கூட்டிக்கொண்டே போனான்.

ஒரு சாயங்காலம் குண்டு மேலே போன சத்தம் கேட்டது, இறங்கிய சத்தம் கேட்கவில்லை. அவள் ஓடிவந்தாள். அவன் கையில் வெறும் கைப்பிடியும் ஒரு தட்டும் இருந்தன. மற்றவை பால்கனிக் கம்பியைத் தாண்டிப் போய்விட்டன. கீழே ஏதோ பிளந்தது.

விழுந்தடித்து இறங்கினாள். வாசலில் காவல்காரரின் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டாகக் கிடந்தது. இரும்புத் தட்டொன்று மண்ணில் பாதி புதைந்திருந்தது. காவல்காரர் கேட்டருகே நின்றார். கையிலிருந்த தேநீர் சட்டையெல்லாம் சிந்தியிருந்தது.

"கார் வந்துச்சும்மா. கேட்டைத் திறக்க எந்திரிச்சேன்," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். பால்கனிக் கதவு மூடியிருந்தது. விளக்கும் அணைந்திருந்தது.

படியேறிப் போனபோது, அவன் கைப்பிடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

யாருக்காவது அடிபட்டதா என்று அவன் கேட்கவில்லை. சிறிது நேரம் காத்திருந்தாள். அப்போதும் கேட்கவில்லை.

"வாயத் திறக்காத. எத்தனை வீடு இருக்கு, எந்த வீடுன்னு யாருக்குத் தெரியும்?" சாவதானமாக, துளி நடுக்கமில்லாமல் சொன்னான். இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதன் முகம் அவளுக்குப் பிடிபடவில்லை.

குனிந்து அந்தக் கைப்பிடியை வெளியே இழுத்தாள்.

"கீழ கொண்டுபோனா, திரும்பி இந்த வாசப்படி ஏறாத."

ஏறாமலே போகட்டும் என்று நடந்தாள்.

"எங்க வீட்டுலேர்ந்துதான் விழுந்துச்சுண்ணே," என்று அதைக் காவல்காரர் முன் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு இருண்ட பால்கனியைப் பார்த்தார்.

"அவரு ஏம்மா இறங்கி வரல?"

அவளும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலை ஓரத்தில் ஏதோ அசைந்து, விலகிக்கொண்டது.